பயப்பட ஓர் ஆள்

என் வீட்டுக்காரருக்கு ஊசி போட்ட அன்று சாயங்காலமே அவரிடம் வேண்டுமென்று ஒரு சண்டையை இழுத்துப் பார்த்தேன். ஆடி பிறந்து இத்தனை நாளாகிறது, புஞ்சையில் இன்னும் கலப்பை இறங்கவில்லை. டிராக்டர்காரன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. இதில் ஒன்றைச் சொன்னாலே மனிதருக்குச் சுர்ரென்று ஏறிவிடும். நான் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உழுதுக்கிடலாம் புள்ள" என்றார். பிறகு ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் பெயர் காளிராஜ். நான் செண்பகவல்லி. ஊர் புதுவெள்ளாரம். விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே வந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். அதில் இரண்டு ஏக்கர் எங்களுடையது. கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான். எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருசம் அப்படிப் போனோம். முதல் விதைப்பும் போய், மறு விதைப்பும் போன வருசம் அது. அந்தச் சூளைப் புகையில் பிள்ளைக்கு வந்த இளைப்பு இன்றைக்கும் மார்கழி ஆனால் தலைகாட்டுகிறது. எங்கள் வீட்டில் பயம் என்றால் பேயோ பாம்போ இல்லை. அந்தச் சூளைதான்.

புரட்டாசி பிறந்தால் எங்கள் ஊர் ஆண்களைப் பார்க்கச் சகிக்காது. புழுதியில் முந்தி விதைத்துவிடுவதா, ஒரு மழையைப் பார்த்துவிட்டு விதைப்பதா என்று பட்டிமன்றம் நடக்கும். முந்தினால் ஒரு பொய்மழைக்கு முளைத்துக் கருகும். பிந்தினால் கார்த்திகையில் தண்ணீர் கட்டி அழுகும். என் வீட்டுக்காரர் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்தே ஒரு ஜோடிச் செருப்பைத் தேய்த்துவிடுவார். உப்பில்லை என்பார், போட்டால் கரிக்கிறது என்பார். பக்கத்துப் புஞ்சைக்காரரான பால்ச்சாமி அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும். நானும் பயப்படுவேன். ஆனால் அவர் கிடந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் அடங்கிவிடும். வீட்டில் ஒருவராவது நிதானமாக இருக்கவேண்டுமே என்று அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவேன்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் அந்த வேன் வந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு, டாக்டர் பிரதீபா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட இளையவர். ஏதோ ஆராய்ச்சி நிலையம். ஏற்கெனவே எங்கள் புஞ்சைகளில் ஈரக்குச்சி நட்டிருந்தவர்கள்தான். மண்ணில் எவ்வளவு ஈரம், எந்த வாரம் மழை என்று அந்தக் குச்சி போனுக்குச் சொல்லும். நன்றாகத்தான் சொல்லும். ஆனால் நாங்கள் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு எங்கள் இஷ்டத்துக்குத்தான் செய்வோம். உளுந்து மட்டும் போடு, அடர்த்தியாகப் போடு என்று அது சொன்னால், நாங்கள் உளுந்தோடு பாசி, சோளம், கம்பு எல்லாவற்றையும் கலந்து, ஓரத்தில் ஆமணக்கும் ஊன்றி, அதிலும் பாதி விதையை வீட்டில் பிடித்து வைத்துக்கொள்வோம். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்கள் வீடு வீடாகக் கேட்டுப் போயிருந்தார்கள். எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுதான். பயம்.

அந்தப் பயத்துக்குத்தான் ஊசி.

"எல்லாப் பயமும் போயிராதும்மா" என்றார் டாக்டர். "பாம்பைப் பாத்தா ஓடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல்னா பதறுவார். கையில இருக்கறது போயிருமோங்கற அந்த ஒரு பயம் மட்டும் அடங்கும். மூளையில பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு இடம் இருக்கு. அதைக் கொஞ்சம் தூங்கவைக்கிறோம். தை வரைக்கும்தான்."

எங்கள் ஊரில் பாதாமை யார் கண்டது, உளுந்தம்பருப்பு அளவு என்று சொல்லுங்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் இருக்கிறது.

பிறகு அவர் கணக்கைச் சொன்னார். பத்து வருசத்துக்கு ஏழு வருசம் மழை சரியாகத்தான் பெய்கிறது. அந்த ஏழு வருசமும் நாங்கள் பயந்து பயந்து பாதிதான் விதைக்கிறோம். துணிந்து விதைத்தால் ஏழு வருச விளைச்சல், மீதி மூன்று வருச நட்டத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கெட்ட மூன்றும் முதலிலேயே வந்துவிட்டால் மீதி ஏழைப் பார்க்க ஊரில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அதற்குத்தான் ஊர்ப் பொதுவில் தானியம் சேமிக்கத் திட்டம் போட்டிருக்கிறோம், முதல் இரண்டு வருசம் தாண்டிவிட்டால் போதும் என்றார். பிறகு என்னையே திருப்பிக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் புரட்டாசியில தூங்குவாரா?"

தூங்கமாட்டார். வயிற்றில் புண் வந்து, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் போடுவீர்களா என்று மாரீஸ்வரி கேட்டாள். பால்ச்சாமி அண்ணனின் சம்சாரம் அவள்; எனக்குப் பக்கத்து வீடு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் என்றார் டாக்டர். விதைப்பதைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்தானே என்றார். எங்கள் ஊரில் பட்டா எல்லாம் ஆண்கள் பெயரில். ஆகப் பெண்கள் அத்தனை பேரும் ஓரமாக நின்றோம். வேனை ஓட்டிவந்தவர் போனைப் பார்த்து நிபந்தனைகளை நீளமாக வாசித்தார். ஆண்கள் காதிலேயே வாங்காமல் சரி சரி என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் முழுசாகக் கேட்டார். ஒரு சோப்பு வாங்கினாலும் உறையில் இருப்பதைக் கடைசி எழுத்துவரை வாசிக்கிற ஆள் அவர். கேட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அந்த வருசம் ஊர் அமைதியாகிவிட்டது. புரட்டாசியில் ஆண்கள் சீட்டாடினார்கள். பால்ச்சாமி அண்ணனும் இவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். ஈரக்குச்சி சொன்ன தேதியில் புழுதியில் விதைத்தார்கள், உளுந்து மட்டும். என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்த மாத்திரத்தில் குறட்டை விட்டார். அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் நான் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். மத்தியான வெயிலில் புஞ்சைக்கு ஓடி மண்ணைக் கீறிப் பார்த்தேன். திரும்பி வந்து சாப்பாடு இறங்காமல் தட்டை வைத்தேன். மனிதர் இறக்கிவைத்ததையும் சேர்த்து நான் தூக்கிக்கொண்டு அலைந்த மாதிரி இருந்தது. குழாயடியில் கேட்டால் எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள். கோபமாகச் சொன்னார்கள்.

மழை அந்த வருசம் சொன்னபடி பெய்தது. உளுந்து அடித்துக் குவித்தோம். பயந்தாங்கொள்ளிகள் என்று ஆண்கள் எங்களைக் கேலி செய்தார்கள். கேட்டுக்கொண்டோம். வேறென்ன செய்வது, விளைந்துதானே கிடந்தது.

அடுத்த ஆடியில் மறுபடியும் ஊசி. அந்தப் புரட்டாசியில்தான் நடக்கக்கூடாதது நடந்தது.

எங்கள் பக்கத்தில் மறுவிதை என்று ஒன்று உண்டு. முதல் விதைப்பு கருகிப்போனால் திரும்ப விதைப்பதற்காகப் பிடித்து வைக்கிற விதை. சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து குலுக்கைக்குள் போட்டு, வாயை மண்ணால் பூசிவிடுவோம். குலுக்கை என்பது வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு நிற்கிற மண் குதிர். அதில் மறுவிதை எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுப் பொம்பளைக்கு மட்டும்தான் தெரியும். ஆம்பளை கேட்கமாட்டான். தெரிந்தால் விதைத்துவிடுவான் என்றுதான் அப்படி வைத்திருக்கிறது. முதல் பயிர் செத்துப்போனால் மட்டும், விதைப்பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். வாயைத் திறக்கமாட்டான். கவிழ்ந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அவள் குலுக்கையை உடைப்பாள். சூளைக்குப் போன வருசம் என் வீட்டுக்காரர் அப்படி வந்து நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இந்தத் தடவை அவர் பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார். குலுக்கையைத் தட்டினார்.

"எவ்வளவு கெடக்கு?" என்றார்.

இன்னும் முதல் விதைப்பே ஆகவில்லையே என்றேன்.

"சும்மாதான கெடக்கு புள்ள. மேற்க ஒரு ஏக்கர் தரிசாக் கெடக்கு, வெளச்சல்ல பங்கு கேட்டு வாரத்துக்குத் தாராக. சேத்து வெதச்சிருவோம். எல்லாரும் மறுவெதய எடுத்துட்டாக."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அவர் ரசம் கேட்ட அதே குரலில் கேட்டார். செத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வரும்" என்றார். மழை வரும் என்பதை அவர் அந்த ஒரு சொல்லில்தான் சொல்வார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல் கூசிப்போயிருந்தது.

நாளைக்கு உடைத்துத் தருகிறேன், நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்றேன். அவர் சரி என்று டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு குலுக்கையை உடைத்தேன். எங்கள் இரண்டு தலையணைகளையும் பிரித்து, பஞ்சைப் பாதி உருவிவிட்டு, சாம்பலும் வேப்பிலையுமாக விதையைத் துணிப்பையில் கட்டி நடுவில் திணித்துத் தைத்தேன். அவசரத்தில் ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. மிச்சம் இருந்ததைக் குலுக்கைக்குள் அள்ளிப்போட்டு, வாயைத் திரும்பப் பூசிவிட்டு, மறுநாள் அவர் கண்முன்னால் உடைத்து எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். வாங்கிப் பெட்டியில் கொட்டிக்கொண்டார்.

அன்று படுக்கும்போது தலையணை கனக்கிறதே என்றார். பழைய பஞ்சு, கட்டி தட்டிப்போச்சு என்றேன். அவர் அதன்மேல் தலையை வைத்தார், தூங்கினார்.

எல்லாரும் புழுதியில் விதைத்து முடித்தபின், புரட்டாசி கடைசியில் ஒரு மழை பெய்தது. ஊரே கும்மாளம் போட்டது. நான் போய் மண்ணைத் தோண்டினேன். விரல் நீளத்துக்குக் கீழே புழுதி புழுதியாகவே இருந்தது. பொய்மழை. ஈரக்குச்சியும் அதைத்தான் சொன்னது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் விதை அதற்குள் முளைத்துவிட்டது. பச்சைக் கோடு கோடாகக் கிளம்பிய பயிர்மீது வறண்ட மேல்காற்று அடிக்க ஆரம்பித்தது. நாளுக்கு நாள் இலை சுருண்டது. காலையில் நிமிர்கிற மாதிரி தெரியும், வெயில் ஏறியதும் படுத்துவிடும். நான் வரப்பில் நின்று வாய்விட்டு அழுதேன். எனக்கு முன்னால் வரப்பில் யாரோ குத்துக்காலிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த தடம் இருந்தது. பீடித்துண்டுகள் கிடந்தன. ஆடு மேய்க்கிற யாரோ என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பயிர் செத்துப்போச்சுங்க என்றேன். "வரும் புள்ள" என்றார்.

குழாயடியில் அன்று யாரும் குடத்தை நிரப்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் பொறுக்கமுடியாமல் நான்தான் சொன்னேன், என் தலையணைக்குள் கொஞ்சம் இருக்கிறது என்று. சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குச் சிரிப்பும் அழுகையுமாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஆட்டுக்கொட்டகையில் புதைத்திருந்தாள். ஒருத்தி ரேஷன் அரிசிக்கு அடியில். ஒருத்தி மகளின் பழைய பள்ளிக்கூடப் பைக்குள். ஊசிக்குப் பயந்து ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் கள்ளத்தனம் செய்திருந்தோம். மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் குலுக்கையைத் துடைத்துக் கொடுத்திருந்தாள்.

அவளை எனக்குத் தெரியும், வாய்விட்டுக் கேட்கமாட்டாள். அவளிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலையணையில் இருந்தது எங்கள் இரண்டு ஏக்கருக்கே போதாது. கொடுத்தால் என் பிள்ளைக்கு மறுபடியும் சூளைப் புகைதான் என்று மனசு அடித்துக்கொண்டது. கொடுக்காவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு. உட்கார்ந்தேன், எழுந்தேன், பாத்திரத்தைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். பிறகு மாரீஸ்வரியே வந்து நின்றாள். விதை கேட்க வரவில்லை.

"பயிர் போச்சுன்னு சொன்னேன் மதினி. சரின்னாரு. சூளைக்குப் போகணுமேன்னு சொன்னேன். போவோம்னாரு, சினிமாவுக்குப் போற மாதிரி. நான் நெஞ்சுல அடிச்சு அழுதேன். எந்திரிச்சு வந்து தண்ணி குடுத்துட்டு மறுபடி போயிப் படுத்துக்கிட்டாரு. நட்டம் வந்தாக் கூடத் தாங்கிக்கிடுவேன். இது நட்டம்னு என்கூட உக்காந்து சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு தலையணையைப் பிரித்து அவள் மடியில் கொட்டினேன். மற்றப் பெண்களும் ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து போட்டார்கள்.

இன்னொரு தலையணையைப் பிரித்து விதையைப் பெட்டியில் அள்ளி அவர் முன்னால் வைத்தேன். ஏது என்று அவர் கேட்கவில்லை. ஊசியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். மறுபடியும் புழுதியில் விதைத்தோம். பாதி நிலத்துக்கு வந்தது. ஐப்பசி கடைசியில், எல்லாம் போச்சு என்று நான் சூளை மேஸ்திரிக்குப் போன் செய்த மறுநாள், உண்மையான மழை இறங்கியது. தையில் அரை விளைச்சல் எடுத்தோம். சூளைக்குப் போகாமல் பிழைத்தோம். மாரீஸ்வரி வீட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பால்ச்சாமி அண்ணன் மட்டும் இரண்டு மாசம் சூளைக்குப் போய்வந்தார். போகும்போது கையாட்டிவிட்டுப் போனாராம்.

மாசியில் டாக்டர் பிரதீபா வந்தார். இந்தத் தடவை வீடு வீடாக வந்தார். ஆள் இளைத்திருந்தார். எங்கள் வீட்டில் காப்பி வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சி முடிந்துவிட்டது, யார் யாருக்கு என்ன போட்டோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றார். எனக்கு விளங்கவில்லை.

"பாதிப் பேருக்குத்தான் மருந்தும்மா. மீதிப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. மருந்து வேலை செய்யுதான்னு வேற எப்படித் தெரியும்? யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, முந்தாநாள்தான் திறந்து பாத்தோம். இதை முதல் நாளே வாசிச்சுச் சொன்னோம்."

"ஆமா, வாசிச்சாக" என்றார் என் வீட்டுக்காரர்.

பால்ச்சாமி அண்ணனுக்கு மருந்தா என்று கேட்டேன். மருந்து. இவருக்கு?

"உங்க வீட்டுக்காரருக்குப் போட்டது தண்ணிம்மா. ரெண்டு வருசமும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தலையைக் குனிந்து காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத ஒரு வாரம் மருந்துன்னுதான் நெனச்சேன் செம்பகம். பெறகு வயித்துல பழையபடி பெசஞ்சுச்சு. தண்ணியத்தான் போட்டுருக்கான்னு வெளங்கிருச்சு. சொல்லலாம்னு வந்தேன். நீ புஞ்சைக்கு ஓடுற, வார, மண்ணக் கீறிப் பாக்குற. ஒன்னயப் பாக்கப் பாக்க எனக்குக் கொறஞ்சு போச்சு. நாந்தான் இத்தன வருசம் பயந்தேன்லா, கொஞ்ச நாளைக்கு இவ பயப்படட்டும்னு விட்டுட்டேன்."

"பீடிய வரப்புல போட்டது யாரு?"

"நாந்தான்."

"தலகாணி?"

"வேப்பல வாசம் தெரியாதா எனக்கு? எல்லாரையும் போலக் கேட்டு வச்சேன், நீ பூராவும் குடுக்கமாட்டேன்னு தெரியும். வெத பத்திரமா இருக்குன்னுதான் நிம்மதியாத் தூங்குனேன்."

டாக்டர் எழுந்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று மெதுவாக வெளியே போய்விட்டார். நான் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். இரண்டு புரட்டாசி, இரண்டு ஐப்பசி. இரண்டு ஆள் பயத்தை ஒற்றை ஆளாய்ச் சுமந்து நான் எலும்பும் தோலுமாய்ப் போனதையெல்லாம் எண்ணி எண்ணிச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பால்ச்சாமி அண்ணனையாவது மருந்து அப்படி ஆக்கியது. இவர் தன் புத்தியோடு, தன் வயிற்றுப்புண்ணோடு, பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னை வேகவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஆடிவரைக்கும் தேவைக்கு மட்டும் பேசினேன்.

ஆடியில் வேன் வந்தது. போன வருச அனுபவத்துக்குப் பிறகு விதைக்கிற ஆண்களுக்கு ஊசி கிடையாதாம். ஊரில் பெண்கள்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்களாம். அதனால் இந்தத் தடவை விரும்புகிற பெண்களுக்கு மட்டும், அதுவும் சோதனை இல்லை, நேராக மருந்துதான். மாரீஸ்வரி வாசலிலேயே காறித்துப்பிவிட்டுப் போய்விட்டாள். நான் பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, தெருவில் வேப்பமரத்தடியில் நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

நான் டாக்டரின் காதுக்கருகில் குனிந்தேன்.

"எனக்குத் தண்ணியப் போடுங்க. கேட்டா மருந்துன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தார். அப்படியெல்லாம் போடக்கூடாது என்றார். என் உடம்பு, என் கை, நான்தானே கேட்கிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு உப்புத்தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் தெருவுக்கு இறங்கியபோது, போட்டாச்சா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போட்டாச்சு என்றேன். ரொம்ப மெதுவாக, ரசம் கேட்கிற குரலில் சொன்னேன்.

பழிவாங்கத்தான் செய்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. புரட்டாசி முழுக்க நடிக்கவேண்டுமே, அவர் இரண்டு வருசம் நடித்த மாதிரி என்னால் முடியுமா என்றுதான் கவலையாக இருந்தது.

புரட்டாசி பிறந்தது. அவர் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்க ஆரம்பித்தார். உப்பில்லை என்றார். பால்ச்சாமி அண்ணனுக்கு மருந்தின் வேகம் போய்ப் பழைய புத்தி வந்திருந்தது. இருவரும் புழுதி விதைப்பைப் பற்றித் தெருவில் நின்று கத்திக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் இவர் புஞ்சையிலிருந்து விரலெல்லாம் மண்ணாக ஓடிவந்து, கீழே துளி ஈரமில்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டு நான் பாயை விரித்துப் படுத்தேன். தலையணையில் இப்போது வெறும் பஞ்சுதான். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. வாசல்நடையிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து வாசல்நடைக்கு. அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். எனக்குள் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. எப்போது என்று தெரியவில்லை, நிஜமாகவே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் குலுக்கையோடு காதை வைத்து, மேலிருந்து கீழே விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"செம்பகம், மறுவெத கொஞ்சமாத்தான் கெடக்கும் போல. இந்த வருசமும் பொய்மழை வந்துட்டா என்ன செய்ய?"

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

"வரும்" என்றேன்.